தீர்வு வேண்டாம், வினையைச் சொல்

2021இல் 'மாலிக்யூலர் சிஸ்டம்ஸ் பயாலஜி' ஆய்விதழில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. உயிர்வேதியியல் மாதிரிகள் 455ஐ எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். கட்டுரையில் அச்சாகியிருக்கும் சமன்பாடுகளையும் எண்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மாதிரியை மறுபடி கணினியில் ஓட்டினால், கட்டுரையில் உள்ள அதே வரைபடம் வருகிறதா?

49 சதவீதத்தில் வரவில்லை. பிழை எங்கே இருக்கலாம் என்று ஊகித்துத் திருத்தியும், எழுதியவர்களையே தொடர்புகொண்டு கேட்டும் 12 சதவீதத்தை மீட்டார்கள். மீதி 37 சதவீதம் கடைசிவரை மசியவே இல்லை.

இவற்றை மோசடி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டுரையில் ஏதோ ஒரு மாறிலியின் மதிப்பு விடுபட்டிருந்தது. இன்னொன்றில் தொடக்கத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருந்தது என்ற குறிப்பே கிடையாது. 'உப்பு தேவையான அளவு' என்று எழுதும் சமையல் குறிப்பைப் போலத்தான். எழுதியவருக்கு அளவு கையில் இருக்கிறது, படிப்பவருக்கு இல்லை. நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு மாதிரியை வார்த்தைகளாலும் அச்சிட்ட சமன்பாடுகளாலும் முழுமையாகக் கடத்த முடியாது என்பதை இந்தத் துறை வெகுகாலம் முன்பே உணர்ந்துவிட்டது. அதற்கு மாற்றாக உருவான கருவிகளைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முதலில், மாதிரி என்றால் என்ன? ஈஸ்ட் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸ் உள்ளே நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து, ஏடிபி மூலக்கூறிடமிருந்து ஒரு பாஸ்பேட்டை வாங்கிக் குளுக்கோஸின் தலையில் கட்டிவிடுகிறது. கிடைப்பது குளுக்கோஸ்-6-பாஸ்பேட். இந்த வினையின் வேகம் குளுக்கோஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1913இல் பெர்லினில் லியோனர் மிக்கேலிஸும் மாட் மென்டெனும் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அதற்கு இரண்டு எண்கள் போதும்: நொதி எட்டக்கூடிய உச்ச வேகம் ஒன்று, அதில் பாதி வேகத்தை எட்டத் தேவைப்படும் செறிவு மற்றொன்று. குளுக்கோஸிலிருந்து பைருவேட் வரை பத்துப் படிகள், பத்து நொதிகள்; இந்தப் பாதைக்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். ஒவ்வொரு படியின் விளைபொருளும் அடுத்த படியின் மூலப்பொருள். போதாததற்கு ஏடிபி ஒரு படியில் செலவாகி வேறொரு படியில் பிறக்கிறது. ஒவ்வொரு பொருளின் செறிவும் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று எழுதினால், ஒன்றோடொன்று பின்னிய வகைக்கெழுச் சமன்பாடுகளின் தொகுப்பு கிடைக்கும். அதுதான் மாதிரி. அதைக் காகிதத்தில் தீர்க்க வழியில்லை. கணினியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டிப் பார்ப்பதே சிமுலேஷன்.

ஓட்டிப் பார்ப்பதில் என்ன லாபம் என்பதற்கு நெதர்லாந்தின் பாஸ் டோய்சிங்கும் சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சாட்சி. ஈஸ்ட்டின் கிளைக்காலிசிஸ் நொதிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதனைக்குழாயில் அளந்தார்கள். அந்த எண்களை ஒரே மாதிரியில் கோத்து, உயிருள்ள ஈஸ்ட்டோடு ஒப்பிட்டார்கள். பாடப்புத்தகத்தில் உள்ளபடி நேர்கோடாக, கிளையே இல்லாமல் அமைத்த மாதிரி நிலைகொள்ளவே இல்லை. கிளைக்கோஜன், டிரிஹலோஸ் முதலியவற்றுக்குச் சர்க்கரை பிரிந்துபோகும் கிளைவழிகளைச் சேர்த்த பிறகுதான் அது நிதானத்துக்கு வந்தது. அப்போதும் ஏறக்குறைய பாதி நொதிகள் மட்டுமே எதிர்பார்த்த அளவுக்கு அருகில் வந்தன. தனித்தனியாகச் சரியாக இருக்கும் எண்கள் சேர்ந்து நிற்கும்போது சரியாக வராது என்பதைச் சோதனைக்குழாய் ஒருபோதும் சொல்லியிருக்காது.

இந்தக் கணக்கு முயற்சி புதிதல்ல. பிரிட்டன் சான்ஸ் 1943இலேயே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பற்சக்கரங்களும் தண்டுகளும் சுழன்று கணக்குப் போடும் ராட்சத இயந்திரம் ஒன்றைக் கொண்டு பெராக்சிடேஸ் நொதியின் சமன்பாடுகளைத் தீர்த்தார். அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் கார்ஃபிங்கல் 1968இல் ஒரு படி மேலே போய், எந்தக் கணினிக்கும் கட்டுப்படாத உயிர்வேதியியல் சிமுலேஷன் மொழி ஒன்றை முன்வைத்தார். தேவை அப்போதே தெரிந்திருந்தது. ஊர் கூடத்தான் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த முப்பது ஆண்டுகளில் மென்பொருள்கள் பெருகின. வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் பெட்ரோ மெண்டஸ் 1993இல் 'கெபாசி'யை வெளியிட்டார். ஹெர்பர்ட் சாரோ 'ஜார்னாக்' எழுதினார். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் மசாரு டொமிடாவின் குழு 'ஈ-செல்' உருவாக்கியது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 'வர்ச்சுவல் செல்', இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 'ஸ்டோக்சிம்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் திறமை இருந்தது. ஒன்று வரைபடம் போட வசதியானது, ஒன்று வேகமானது, ஒன்று மூலக்கூறுகளைத் தனித்தனியே எண்ணுவது. ஆனால் ஒன்றில் எழுதிய மாதிரியை இன்னொன்று திறக்காது. இரண்டு கருவிகளின் பலமும் வேண்டுமென்றால் மாதிரியை இரண்டு முறை கையால் எழுத வேண்டும். கையால் எழுதும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு குறி மாறும், எங்கோ ஒரு பூஜ்யம் விழும். மாதிரியை எழுதிய ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டால், மாதிரியும் அவரோடு போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர்களில் ஒருவர், கால்பந்தாடும் ரோபோக்களின் 'ரோபோகப்' போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹிரோவாகி கிடானோ. ஜப்பான் அரசின் 'எராட்டோ' நிதியில் அவர் நடத்திய திட்டத்தின் ஒரு பிரிவு, கலிபோர்னியாவின் கால்டெக்கில் கட்டுப்பாட்டியல் அறிஞர் ஜான் டாயிலோடு சேர்ந்து இயங்கியது. மைக்கேல் ஹக்கா, ஆண்ட்ரூ ஃபின்னி, ஹெர்பர்ட் சாரோ, ஹமீத் பொலூரி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2000 ஏப்ரலில் மேற்கண்ட மென்பொருள்களை உருவாக்கியவர்களைக் கால்டெக்குக்கு அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள்.

குழுவின் திட்டம் பெரியது. 'சிஸ்டம்ஸ் பயாலஜி வொர்க்பெஞ்ச்' என்ற ஏற்பாடு; நடுவில் ஒரு தரகர் நிரல், சுற்றிலும் மென்பொருள்கள். ஜாவாவில் எழுதியதோ, சி மொழியில் எழுதியதோ, டெல்ஃபியில் எழுதியதோ, பைத்தானில் எழுதியதோ, எல்லாம் தரகரிடம் பதிவு செய்துகொள்ளும். ஒரு மென்பொருளில் வினைகளின் படத்தை வரைந்துவிட்டு மெனுவைத் திறந்தால், சிமுலேஷன் செய்துதரக்கூடிய மற்ற மென்பொருள்களின் பெயர்கள் அங்கே தோன்றும். ஒன்றைச் சொடுக்கினால் மாதிரி அங்கே பறக்கும். விடை திரும்பி வரும். இது வேலையும் செய்தது. 'ஜேடிசைனர்' என்ற வரைகருவியில் வரைந்து ஜார்னாக்கில் ஓட்டுவது அன்றைய மாணவர்களுக்குச் சாதாரண விஷயம்.

ஆனால் மென்பொருள்கள் பேசிக்கொள்ள ஒரு பொது வடிவம் வேண்டுமே! அதற்காகத் தயாரித்ததுதான் எஸ்.பி.எம்.எல். என்று சுருக்கமாக அறியப்படும் 'சிஸ்டம்ஸ் பயாலஜி மார்க்கப் லேங்குவேஜ்'. எக்ஸ்.எம்.எல். அடிப்படையில் அமைந்த அதன் முதல் நிலை 2001 மார்ச்சில் வெளியானது. 2003இல் 'பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' இதழில் வந்த அறிமுகக் கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் நாற்பதுக்கு மேல். போட்டி மென்பொருள்களின் ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே பட்டியலில். பக்கத்துணையாகப் பிறந்த கோப்பு வடிவம், முதன்மைத் திட்டமாக இருந்த தரகரைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. தரகர் வேலை செய்ய வேண்டுமென்றால் எல்லா மென்பொருள்களும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். கோப்புக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மின்னஞ்சலில் போகும், பத்து வருடம் கழித்தும் திறக்கும்.

வடிவத்தின் வெற்றிக்கு இன்னொரு ஆழமான காரணம் உண்டு. எஸ்.பி.எம்.எல். சமன்பாடுகளை முன்னிறுத்துவதில்லை, வினைகளை முன்னிறுத்துகிறது. எந்த அறையில், எந்தப் பொருள், தொடக்கத்தில் எவ்வளவு, எது எதாக மாறுகிறது, என்ன வேகத்தில் என்பதையே கோப்பு சொல்கிறது. அதை எப்படித் தீர்ப்பது என்பது வாங்கிக்கொள்ளும் மென்பொருளின் பாடு. ஏறக்குறைய அதே காலத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பீட்டர் ஹண்டரின் குழு உருவாக்கிய 'செல்.எம்.எல்.' சமன்பாடுகளையே எழுதும் வழியைத் தேர்ந்தது. இதயத் துடிப்பின் மின்னோட்டங்களைக் கணக்கிடுபவர்களுக்கு அது பொருந்தியது. வேதிவினை வலைகளுக்கு வினைவழிதான் பலன் தந்தது என்பதில் இன்று சந்தேகமில்லை.

ஏன்? 2000இல் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லீப்லரும் பிரின்ஸ்டனில் உருவாக்கிய 'ரெப்ரசிலேட்டர்' என்ற மரபணுச் சுற்றைப் பாருங்கள். ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் மூன்று மரபணுக்களைப் பொருத்தினார்கள். முதலாவதின் புரதம் இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், மூன்றாவது திரும்பி வந்து முதலாவதையே அடக்கும். யாரும் நிலையாக ஆள முடியாத இந்தச் சுற்றில் புரதங்களின் அளவு சுமார் 150 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. இதை எஸ்.பி.எம்.எல். கோப்பாக எழுதினால் பெரும்பாலும் தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது, சிதைகிறது, புரதம் உருவாகிறது, சிதைகிறது என்ற வினைகள்தான். ஒரு மென்பொருள் அதே கோப்பை வகைக்கெழுச் சமன்பாடுகளாக மாற்றி வழவழப்பான அலையைத் தரும். இன்னொன்று, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த டேனியல் கில்லெஸ்பி 1970களில் வகுத்த முறைப்படி, மூலக்கூறு மூலக்கூறாக, பகடை உருட்டியது போலத் தற்செயலை நுழைத்து ஓட்டும். அப்போது அலை நடுங்கும். ஓட்டத்துக்கு ஓட்டம் தாளம் மாறும். உண்மையான பாக்டீரியாக்களும் அப்படித்தான் நடந்துகொண்டன. சகோதரச் செல்களின் தாளம்கூட ஒன்றிலிருந்து ஒன்று விலகியது. சமன்பாட்டை மட்டும் எழுதி வைத்திருந்தால் எது பிறப்பு, எது இறப்பு என்பது கழித்தல் குறிக்குள் கரைந்துபோயிருக்கும். வினையாக எழுதியதால் இரண்டு வழியும் திறந்திருக்கின்றன.

சொல்வது எளிது, கோப்புக்குள் இறங்கினால் கண்ணிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஆரம்பநிலையினர் அனைவரையும் இடறிவிடும். எஸ்.பி.எம்.எல்.இல் வினையின் வேகத்தைச் செறிவின் மாற்றமாக எழுதக்கூடாது. பொருளின் அளவு மாறும் வேகமாக எழுத வேண்டும். பாடப்புத்தகச் சூத்திரத்தை அறையின் கன அளவால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒரே அறை என்றால் இந்தப் பெருக்கலை மறந்தாலும் பல சமயம் தப்பிவிடலாம். செல்லின் சைட்டோபிளாசத்திலிருந்து அதன் பத்தில் ஒரு பங்கு கன அளவே உள்ள உட்கருவுக்கு ஒரு புரதம் இடம்பெயர்கிறது என்று வையுங்கள். இங்கே செறிவு ஒரு பங்கு குறைந்தால் அங்கே பத்துப் பங்கு ஏற வேண்டும். செறிவிலேயே சமன்பாடு எழுதிக் கன அளவை மறந்தவரின் மாதிரியில் பத்தில் ஒன்பது பங்குப் புரதம் காற்றில் கரைந்துபோகும். அச்சுக் கட்டுரையில் இத்தகைய பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். கோப்பில் அதற்கு ஒளிய இடம் குறைவு.

வடிவம் வந்துவிட்டால் எல்லாரும் ஒரே விடை தருவார்களா? தரவில்லை. 2008இல் ஃபிராங்க் பெர்க்மனும் சாரோவும் ஒரே மாதிரிகளைப் பல சிமுலேட்டர்களில் ஓட்டி ஒப்பிட்டபோது விடைகள் பல இடங்களில் வேறுபட்டன. 'எங்கள் மென்பொருள் எஸ்.பி.எம்.எல். ஏற்கும்' என்று அறிவிப்பது ஒன்று, அதன் ஒவ்வொரு விதியையும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பது வேறொன்று. இன்று விடை தெரிந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைக் கணக்குகள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. எந்த மென்பொருளையும் அதில் உரசிப் பார்க்கலாம். கோப்பைப் படித்து எழுத 'லிப்எஸ்.பி.எம்.எல்.' என்ற நிரல் நூலகம் இலவசமாகக் கிடைக்கிறது. சி++, ஜாவா, பைத்தான் என்று எதிலிருந்தும் அதைக் கூப்பிடலாம். தர நிர்ணயங்களின் வரலாற்றில் இதைக் கவனிக்க வேண்டும். விதிப்புத்தகத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்த பல குழுக்கள் காணாமல் போயின. விதியோடு ஓடும் நிரலையும் கையில் கொடுத்தவர்கள் நிலைத்தார்கள். இப்போது இந்த வடிவத்தை ஏற்கும் மென்பொருள்கள் இருநூறுக்கு மேல்.

அவற்றில் பரவலாகப் புழங்கும் ஒன்று 'கோப்பாசி'. மெண்டஸின் கெபாசிக்குப் பிறந்த வாரிசு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உர்சுலா கும்மரின் குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. படம் வரைய டோக்கியோவிலிருந்து வந்த 'செல்டிசைனர்'. நிரல் எழுதப் பழகியவர்களுக்குப் பைத்தானோடு இணைந்து ஓடும் 'டெல்லூரியம்'. இதில் 'ஆன்டிமனி' என்ற எழுத்துமுறை உண்டு, எக்ஸ்.எம்.எல்.இல் பல வரி பிடிக்கும் ஒரு வினையை, அம்புக்குறி போட்டு ஒரே வரியில் எழுதிவிடலாம். எக்ஸ்.எம்.எல்.ஐ நேரடியாகப் படிப்பவரின் கண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

மாதிரிகளுக்குக் களஞ்சியமும் வேண்டும். 2005இல் ஹின்க்ஸ்டனில் நிக்கோலா லெ நோவேரின் முயற்சியில் 'பயோமாடல்ஸ்' தொடங்கியது. அங்கே ஒரு மாதிரி 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை பெற வேண்டுமானால், மூலக் கட்டுரையின் ஒரு வரைபடமாவது அந்தக் கோப்பிலிருந்து மறுபடி பிறக்க வேண்டும். அதோடு பெயர்க் குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ஒருவர் குளுக்கோஸை 'ஜி' என்பார், இன்னொருவர் 'எஸ்1' என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பொருளையும் பொது வேதித் தரவுத்தளங்களின் எண்ணோடு இணைக்க வேண்டும் என்ற விதியை அதே ஆண்டு 'மிரியம்' என்ற பெயரில் வகுத்தார்கள். இந்த வேலையில் புகழ் குறைவு, பொறுமை அதிகம் தேவை.

நம் பக்கத்து பெங்களூருக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லா, ரவி ஐயங்காருடன் 1999இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, செல்லின் சமிக்ஞைப் பாதைகள் ஒன்றோடொன்று இணையும்போது சுவிட்ச் போல ஒரு நிலையில் பூட்டிக்கொள்ளும் என்று சிமுலேஷனில் காட்டியது. நரம்புச் செல்லின் நினைவுக்கு அது ஒரு வேதியியல் விளக்கம். பல்லாவின் குழு இத்தகைய சமிக்ஞை மாதிரிகளுக்கென்று 'டாக்ஸ்' என்ற தரவுத்தளத்தை 2003இலேயே, அதாவது பயோமாடல்ஸுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அறிமுகம் செய்திருந்தது. அவர்களுடைய 'மூஸ்' சிமுலேட்டரும் எஸ்.பி.எம்.எல். கோப்புகளைப் படிக்கும்.

எல்லை எங்கே இருக்கிறது? 2012இல் ஸ்டான்ஃபோர்டில் மார்கஸ் கோவர்ட்டின் குழு, 525 மரபணுக்கள் கொண்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற குட்டி பாக்டீரியாவை முழுவதுமாக மாதிரியாக்கியது. 28 துணை மாதிரிகள். ஒவ்வொன்றும் தனக்குப் பொருத்தமான கணிதத்தில் எழுதியது. 2015இல் ஜெர்மனியின் ராஸ்டாக்கில் மாணவர்களும் ஆய்வாளர்களும் கூடி, அதைப் பொது வடிவங்களுக்கு மாற்ற முயன்றார்கள். அந்த அனுபவம், பொது வடிவங்களின் போதாமைகளின் பட்டியலாகவே வெளிவந்தது. வினைகள் மட்டும் உள்ள இடங்கள் இலகுவாக மாறின. நிரலின் தர்க்கத்துக்குள் புதைந்திருந்த முடிவுகள் மாற மறுத்தன. முழுச் செல்லையும் ஒரே கோப்பில் அடக்கும் நாள் இன்னும் வரவில்லை.

மறுபக்கத்தில், அடுத்தவர் மாதிரியை எடுத்துப் பயன்படுத்துவதால் வரும் பலனுக்கு மருந்துத் துறையில் ஒரு சான்று இருக்கிறது. 2014இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாராதைராய்டு ஹார்மோன் குறைபாட்டுக்கான 'நாட்பாரா' ஊசியைப் பரிசீலித்தது. நாளுக்கு ஒரு ஊசி போட்டால் சிறுநீரில் வெளியேறும் கால்சியம் போதிய அளவு கட்டுப்படவில்லை. பீட்டர்சனும் ரிக்ஸும் 2010இல் வெளிப்படையாக வெளியிட்டிருந்த எலும்பு–கால்சியம் மாதிரியை நிர்வாகத்தின் ஆய்வாளர்களே எடுத்து ஓட்டி, மருந்தைப் பிரித்துக் கொடுத்தாலோ மெதுவாக உடலில் சேரச் செய்தாலோ என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மருந்தைத் தயாரித்த நிறுவனம் அந்த மாதிரியை எழுதவில்லை. பரிசீலித்த அதிகாரிகளும் எழுதவில்லை. திறந்து கிடந்ததால் பயன்பட்டது.

இதையெல்லாம் செய்து பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோப்பாசி இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கார்த்திக் ராமன் நடத்தும் கணினிவழி அமைப்பு உயிரியல் பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் யாருக்கும் கிடைக்கிறது. கல்லூரி மாணவர்கள் பயோமாடல்ஸில் 12ஆம் எண் மாதிரியை இறக்கிக்கொள்ளட்டும், அதுதான் ரெப்ரசிலேட்டர். ஒரு முறை ஓட்டினால் மூன்று அலைகள் வரும். பிறகு 'என்' என்ற அளவுருவைத் தேடிப் பிடித்து, 2 என்று இருப்பதை 1 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். அலைகள் தேய்ந்து மூன்று புரதங்களும் ஓரிடத்தில் நின்றுவிடும். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள்.